நடுத்தர டீசல் லாரி சேசிஸ் எவ்வளவு காலம் உழைக்கும்? எதைப் பொறுத்து?

அமெரிக்காவில் பழைய லாரி ஒன்றை வாங்கித் தொழில் தொடங்க நினைப்பவரும், வேலையிலிருந்து ஓய்வு பெற்று, வீடாகவே கட்டிய வண்டியான மோட்டார்ஹோமில் நாடு சுற்ற ஆசைப்படுபவரும் ஒரே பேச்சை நம்பித்தான் விலை பேசப் போகிறார்கள்: "டீசல் எஞ்சின், லாரி சேசிஸ், பத்து லட்சம் மைல் அசராமல் ஓடும்." இதற்கு நேர் எதிராக இன்னொரு பேச்சும் உண்டு: "2007க்கு அப்புறம் வந்த டீசல் எதையும் தொடாதே." இரண்டு தரப்பும் கண்ணால் பார்த்ததைத்தான் சொல்கிறது. ஆனால் ஒருவர் பார்த்த லாரி தினமும் நெடுஞ்சாலையில் ஓடியது, இன்னொருவர் பார்த்தது வருடத்தில் பாதி நாள் ஷெட்டில் நின்றது. அந்த வித்தியாசத்தைச் சொல்லாமல் எஞ்சின் பெயரை மட்டும் சொல்லிச் சண்டை போடுகிறார்கள்.

லாரியைப் பற்றி எதுவும் தெரியாதவர்களுக்காக இதை எழுதுகிறேன். எந்த வண்டி சிறந்தது என்ற பட்டியல் இதில் கிடையாது. ஒரே மாதிரி சேசிஸ் ஒருவரிடம் இருபது வருடம் உழைத்துவிட்டு, இன்னொருவரிடம் மூன்றே வருடத்தில் ரெக்கவரி வண்டிக்குப் பின்னால் போவது ஏன் என்று புரிந்தால் போதும்.

## சேசிஸ் என்றால் எதுவரை?

கரூரில் பஸ்ஸுக்கும் நாமக்கல், திருச்செங்கோடு பக்கம் லாரிக்கும் பாடி கட்டுவதைப் பார்த்தவர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். கம்பெனியிலிருந்து வருவது எஞ்சின், கியர்பாக்ஸ், ஆக்சில், பட்டை (லீஃப் ஸ்பிரிங்), பிரேக், இவற்றைச் சுமக்கும் இரண்டு நீளமான இரும்புச் சட்டங்கள். அதுதான் சேசிஸ். மேலே எதைக் கட்டுவது என்பது வாங்குபவர் விருப்பம். அமெரிக்காவிலும் இதே முறைதான். ஒரே சேசிஸின் மேல் ஒருவர் சாமான் ஏற்றும் பெட்டி கட்டுவார், இன்னொருவர் தண்ணீர் டேங்க் வைப்பார், மூன்றாமவர் படுக்கை, சமையலறை, குளியலறையோடு வீடே கட்டுவார்.

அந்த நாட்டில் லாரிகளை எடையை வைத்து 1 முதல் 8 வரை வகுப்பு பிரித்திருக்கிறார்கள். தொழிலில் நடுத்தர லாரி என்று பொதுவாகச் சொல்வது 4 முதல் 7 வரையிலான வகுப்புகளை. அதாவது 14,000 பவுண்டுக்கு மேல் 33,000 பவுண்டு வரை. நம் கணக்கில் ஆறேகால் டன்னுக்குச் சற்று மேலிருந்து கிட்டத்தட்ட 15 டன் வரை. ஃப்ரெய்ட்லைனர் எம்2 106, இன்டர்நேஷனல் 4300, அதற்குப் பின் வந்த எம்வி, ஃபோர்ட் எஃப்-650, எஃப்-750 எல்லாம் இந்தக் கூட்டத்தில் சேரும். செவர்லே கோடியாக் 2009இல் நின்றுவிட்டது, ஆனால் பழைய வண்டிச் சந்தையில் இன்னும் கண்ணில் படும்.

இப்படிப்பட்ட லாரியின் கேபினை அப்படியே வைத்துக்கொண்டு பின்னால் வீடு கட்டிய மோட்டார்ஹோமை 'சூப்பர் சி' என்பார்கள். எஞ்சின் பின்னால் இருக்கும் பஸ் மாதிரியான 'டீசல் புஷர்' வேறு. சூப்பர் சி-யில் எனக்குப் பெரிதும் பிடித்த விஷயம் அதன் முன்மூடி. மூடியை முன்னால் சாய்த்தால் எஞ்சின் முழுவதும் மெக்கானிக்குக் கைக்கெட்டும். புஷரில் பல வேலைகளுக்குப் படுக்கையைத் தூக்கி, தரையில் இருக்கும் பலகையைத் திறந்து உள்ளே இறங்க வேண்டும். எம்2 சேசிஸ் நாடு முழுக்க டெலிவரி லாரியாக ஓடுவதால் உதிரிபாகமும் ஏறக்குறைய எந்த ஊரிலும் கிடைக்கும். பழுதே வராத வண்டி கிடையாது. வந்த பழுதைச் சீக்கிரம் சரிசெய்ய முடிகிறதா என்பதும் நம்பகத்தில் சேர்த்தி.

## சுமையும் தாங்குதிறனும்

மூட்டை தூக்கும் தொழிலாளி ஒருவரை நினைத்துக்கொள்ளுங்கள். நூறு கிலோ மூட்டையை ஒருமுறை தூக்கிக் காட்ட அவரால் முடியும். ஆனால் நாள் முழுக்க, வருடக்கணக்கில் தூக்க வேண்டும் என்றால் ஐம்பது கிலோதான் உடம்புக்கு ஆகும். இளைஞர் ஒருவர் நூறு கிலோவைத் தூக்கிவிட்டார் என்பதற்காக அவர் அந்தத் தொழிலாளியைவிட உழைப்பாளி ஆகிவிட மாட்டார். பிக்கப் வண்டிக்கும் நடுத்தர லாரிக்கும் உள்ள வித்தியாசம் இதுதான். பிக்கப்பாலும் பெரிய டிரெய்லரை இழுக்க முடியும். லாரி அதைத் தினமும் செய்வதற்காகவே செய்யப்பட்டது.

ஒவ்வொரு சேசிஸிலும் ஒரு எண்ணை ஒட்டி அனுப்புவார்கள். வண்டி, பாடி, ஆட்கள், சாமான், டீசல், தண்ணீர் எல்லாம் சேர்ந்து இதைத் தாண்டக் கூடாது என்ற எண் அது. இதை மொத்த எடை வரம்பு என்று வைத்துக்கொள்வோம். பெட்டி லாரிகளில் இது பல நேரம் 26,000 பவுண்டு அளவிலேயே நிற்பதைப் பார்க்கலாம். அதற்கு மேல் போனால் வணிக ஓட்டுநர் உரிமம் வேண்டும் என்பதுதான் காரணம். ஆகவே அந்த எண் இரும்பின் பலத்தை மட்டும் காட்டுவதில்லை, சட்டத்தின் கோட்டையும் காட்டுகிறது.

மோட்டார்ஹோம் விஷயத்தில் பலர் கவனிக்காத ஒன்று இருக்கிறது. சரக்கு லாரி காலையில் நிறைந்து போகும், மாலையில் காலியாகத் திரும்பும். பட்டைக்கும் டயருக்கும் பேரிங்குக்கும் பாதி நேரம் ஓய்வு. மோட்டார்ஹோமுக்கு அந்த ஓய்வே கிடையாது. கட்டிய வீட்டை இறக்கிவைக்க முடியாதே! தொழிற்சாலையைவிட்டு வெளியே வரும்போதே வரம்பின் பெரும்பகுதியை வீட்டின் எடை எடுத்துக்கொண்டிருக்கும். அதற்கு மேல் நூறு காலன் தண்ணீர் என்றால் 378 கிலோ. அப்புறம் துணி, பாத்திரம், சைக்கிள், பின்னால் இழுக்கும் கார். நிற்கும்போதுகூட டயரும் பட்டையும் முழுச் சுமையோடு நிற்கின்றன.

அந்தச் சுமையும் சமமாக இருப்பதில்லை. பக்கவாட்டில் வெளியே நீளும் அறை ஒரு பக்கம், பிரிட்ஜும் அலமாரியும் ஒரு பக்கம், கழிவுநீர்த் தொட்டி இன்னொரு பக்கம். மொத்த எடை வரம்புக்குள் இருந்தாலும் ஒரு சக்கரத்தின் மேல் மட்டும் அளவுக்கு மிஞ்சிய எடை உட்கார்ந்திருக்கலாம். ஆகவே வண்டியை மொத்தமாக எடை போட்டால் போதாது. ஒவ்வொரு ஆக்சிலையும், முடிந்தால் ஒவ்வொரு மூலையையும் தனித்தனியாகப் போட வேண்டும்.

இனி அந்த இரண்டு இரும்புச் சட்டங்கள். குறுக்கே வெட்டிப் பார்த்தால் மேலே ஒரு விளிம்பு, கீழே ஒரு விளிம்பு, நடுவில் செங்குத்துச் சுவர். சட்டம் வளையாமல் தாங்குவது இரண்டைப் பொறுத்தது: வெட்டுமுகத்தின் வடிவமும் தடிமனும் ஒன்று, எஃகின் தரம் இன்னொன்று. எஃகின் தரத்தை ஒரு சதுர அங்குலம் எத்தனை பவுண்டு தாங்கிய பிறகு நிரந்தரமாக வளையும் என்று அளக்கிறார்கள். சாதாரணச் சட்டத்தில் 50,000, நல்ல லாரிகளில் 80,000, சூட்டில் பதப்படுத்திய சட்டத்தில் 1,20,000 வரை வரும். சட்டம் வளையும்போது விளிம்புகள்தான் அதிக இழுவிசையைத் தாங்குகின்றன. அதனால் விளிம்பில் துளை போடாதே, பதப்படுத்திய சட்டத்தில் வெல்டு வைக்காதே என்று உற்பத்தியாளர்கள் பாடி கட்டுபவர்களுக்குத் தெளிவாகவே சொல்லியிருக்கிறார்கள். வெல்டிங் சூடு பட்ட இடத்தில் பதம் போய்விடும். விளிம்பில் போட்ட துளையின் ஓரத்தில் வருடக்கணக்கான அதிர்வில் முடி அளவு விரிசல் தொடங்கும். சேசிஸ் நல்லதாக இருந்தும் பாடி கட்டியவரின் ஒரே ஒரு துளையால் சட்டம் கீறும்போது, பழி என்னவோ லாரி கம்பெனிக்குத்தான் போகிறது.

இதுவரை பார்த்தது: எவ்வளவு தாங்கும் என்பதோடு, அந்தச் சுமையை எவ்வளவு நேரம், எந்தப் பக்கம் சுமக்கிறது என்பதும் சேசிஸின் ஆயுளைத் தீர்மானிக்கிறது. மோட்டார்ஹோம் சேசிஸுக்கு ஓய்வில்லாத சுமை.

## எஞ்சின்: குதிரைசக்தி குறைந்தால் நல்லதா?

கம்மின்ஸ் என்ற எஞ்சின் கம்பெனியின் 6.7 லிட்டர் எஞ்சினை எடுத்துக்கொள்ளுங்கள். ராம் பிக்கப்பில் இதே குடும்பத்து எஞ்சின் 400 குதிரைசக்தியைத் தாண்டுகிறது. பிக்கப்பைவிட மூன்று மடங்கு எடையுள்ள நடுத்தர லாரியில் பல நேரம் 200 முதல் 300க்குச் சற்று மேல் வரைதான். புதிதாகப் பார்ப்பவருக்கு இது தலைகீழாகத் தெரியும்.

பிக்கப்பின் 400 குதிரைசக்தி மேட்டில் சில நிமிடம் தேவைப்படுவது. லாரி தன் 250 குதிரைசக்தியை மணிக்கணக்கில் தர வேண்டும். அந்தச் சுமையில் தொடர்ந்து ஓடும்போது பிஸ்டன், டர்போ, எஞ்சினைக் குளிரவைக்கும் கூலன்ட் எல்லாம் எவ்வளவு சூடாகும் என்பதை வைத்துத்தான் லாரிக்கான அளவை முடிவு செய்கிறார்கள். எனவே எஞ்சின் கணினியில் சிப் போட்டு சக்தியைக் கூட்டலாம் என்று யாராவது சொன்னால், கூடப்போகும் வேகத்துக்கு ஈடாக எதை இழக்கிறீர்கள் என்று யோசித்துக்கொள்ளுங்கள்.

அடுத்து, பிஸ்டன் ஏறி இறங்கும் சிலிண்டர் எப்படி அமைந்திருக்கிறது என்பது. சில எஞ்சின்களில் சிலிண்டர் துளை நேரடியாக பிளாக்கிலேயே குடையப்பட்டிருக்கும். தேய்ந்தால் எஞ்சினை இறக்கி, லேத்துக்குக் கொண்டுபோய்த் துளையைக் குடைந்து பெரிதாக்க (போர் போட) வேண்டும். கம்மின்ஸ் 6.7, கேட்டர்பில்லர் சி7 இந்த வகை. வேறு சிலவற்றில் தனியாகக் கழற்றி மாட்டக்கூடிய உருளை இருக்கும், அதைச் சுற்றி நேராகக் கூலன்ட் ஓடும். நம் மெக்கானிக்குகள் லைனர் என்பது அதைத்தான். இன்டர்நேஷனலின் டிடி466, கம்மின்ஸின் 8.3 லிட்டர், 8.9 லிட்டர் எஞ்சின்கள் இந்த வகை. எஞ்சினை வண்டியைவிட்டு இறக்காமலே பழைய லைனரை உருவி, புது லைனர், பிஸ்டன், ரிங் போட்டு முடித்துவிடலாம். 7.6 லிட்டர் டிடி466 இவ்வளவு பேர் வாங்கியதற்கு இந்த வசதி முக்கியக் காரணம்.

ஆனால் லைனர் எஞ்சினுக்கு ஒரு பலவீனம் உண்டு. எஞ்சின் ஓடும்போது லைனர் மெல்ல அதிரும். அந்த அதிர்வில் அதன் வெளிப்புறத்தை ஒட்டிய கூலன்டில் நுண்ணிய குமிழிகள் உருவாகி, அடுத்த நொடியே உடையும். ஒவ்வொரு உடைப்பும் இரும்பில் ஊசி குத்திய மாதிரி ஒரு புள்ளியைக் கொத்தும். வருடங்கள் போகப்போக அந்தப் புள்ளிகள் ஆழமாகி, லைனர் ஓட்டையாகி, எண்ணெயில் தண்ணீர் கலக்கும். இதைத் தடுக்கக் கூலன்டில் ஒரு பாதுகாப்பு ரசாயனம் சேர்க்கப்படுகிறது. அது கொஞ்சம் கொஞ்சமாகத் தீர்ந்துபோகும், அவ்வப்போது பரிசோதனைப் பட்டையை முக்கி அளவைப் பார்க்க வேண்டும். "எஞ்சின் இரும்பு மாதிரி" என்று பெருமைப்படுகிறவர்களில் எத்தனை பேர் கூலன்டைச் சோதித்திருப்பார்கள் என்பது சந்தேகம்தான்.

பத்து லட்சம் மைல் என்ற பேச்சு எங்கிருந்து வருகிறது என்பதையும் இங்கேயே பார்த்துவிடலாம். எஞ்சின் தயாரிப்பாளர்கள் பி50 என்று ஒரு ஆயுள் கணக்கைச் சொல்வார்கள். ஒரே மாதிரி எஞ்சின்களில் பாதி, பெரிய எஞ்சின் வேலைக்கு வந்துவிடும் என்று எதிர்பார்க்கும் மைல் கணக்கு அது. பத்து சதவீதம் வந்துவிடும் என்று எதிர்பார்க்கும் மைல் பி10. இந்த எண்ணை நம் வண்டிக்குக் கிடைத்த உத்தரவாதமாக எடுத்துக்கொள்வதுதான் தவறு. பி50 ஐந்து லட்சம் மைல் என்றால், ஐந்து லட்சத்துக்கு முன்பே பாதி எஞ்சின்கள் திறக்கப்பட்டிருக்கும் என்றும் அதற்குப் பொருள். மேலும் அந்தக் கணக்கு எஞ்சினின் இரும்புக்கு மட்டும். சென்சாருக்கும் வயருக்கும் புகை சுத்திகரிக்கும் பாகங்களுக்கும் பொருந்தாது.

## 2007க்குப் பிறகு என்ன நடந்தது?

இந்தப் பகுதியில்தான் குழப்பம் அதிகம், அதனால் கொஞ்சம் நிதானமாகப் போவோம்.

அமெரிக்கச் சுற்றுச்சூழல் விதிகள் படிப்படியாக இறுகின. 2000களின் தொடக்கத்தில், வெளியேறும் புகையில் ஒரு பகுதியைக் குளிரவைத்து மறுபடியும் எஞ்சினுக்குள் அனுப்பும் முறை வந்தது. 2007இல் கரித்துகளைப் பிடிக்கும் வடிகட்டி. 2010இல் நைட்ரஜன் ஆக்சைடைக் குறைக்க யூரியாக் கரைசல்.

வடிகட்டி என்பது சைலன்சர் இருக்கும் இடத்தில் உள்ள பீங்கான் கட்டி. அதில் ஆயிரக்கணக்கான மெல்லிய குழாய்கள். ஒரு குழாய்க்கு முன்பக்கம் அடைப்பு, அடுத்ததற்குப் பின்பக்கம் அடைப்பு. உள்ளே வந்த புகை வேறு வழியில்லாமல் சுவரின் நுண்துளை வழியாகப் பக்கத்துக் குழாய்க்குப் போயாக வேண்டும். கரி சுவரிலேயே தங்கிவிடும். தங்கிய கரியை அவ்வப்போது எரித்தாக வேண்டும். லாரி சுமையோடு நெடுஞ்சாலையில் போகும்போது புகைச் சூட்டிலேயே கரி சிறிது சிறிதாகத் தீர்ந்துவிடும். சூடு போதவில்லை என்றால் எஞ்சின் கொஞ்சம் டீசலைப் புகையில் கலந்து, வெப்பத்தைச் சுமார் 600 டிகிரி செல்சியஸ் வரை ஏற்றி எரிக்கும். இதற்கு ரீஜென் என்று பெயர். அரை மணி நேரம் போல ஆகும்.

இப்போது இரண்டு வண்டிகளை எடுத்துக்கொள்வோம். ஒன்று தினமும் இருநூறு மைல் ஓடும் சரக்கு லாரி. ரீஜென் நடப்பதே ஓட்டுநருக்குத் தெரியாது. இன்னொன்று தெருத்தெருவாக நின்று நின்று போகும் டெலிவரி லாரி. சூடு ஏறுவதற்குள் அணைத்துவிடுகிறார்கள், ரீஜென் தொடங்கிப் பாதியில் நின்றுபோகிறது. மறுநாளும் அதே கதை. கரி சேர்ந்துகொண்டே போய் டேஷ்போர்டில் விளக்கு எரியும், அதைக் கவனிக்காவிட்டால் எஞ்சின் தானே சக்தியைக் குறைத்துக்கொள்ளும். எஞ்சினும் வடிகட்டியும் இரண்டிலும் ஒன்றே. முதலாமவர் "பிரச்சினையே இல்லை" என்பார். இரண்டாமவர் "குப்பை" என்பார்.

யூரியாக் கரைசல் விஷயமும் இப்படித்தான். 32.5 சதவீதம் யூரியா, மீதி சுத்தமான தண்ணீர். அமெரிக்காவில் டெஃப், இந்தியாவில் ஆட்ப்ளூ. நம் ஊர் ஓட்டுநர்கள் 'யூரியா ஊற்றணும்' என்று சொல்வதும் இதைத்தான். சூடான புகையில் தெளித்தால் அமோனியாவாகி, நைட்ரஜன் ஆக்சைடை நைட்ரஜனாகவும் தண்ணீராகவும் மாற்றும். புகை போதிய சூட்டில் இல்லாவிட்டால் தெளிக்கும் முனையில் வெள்ளைப் படிகமாக ஒட்டிக்கொள்ளும். வெயிலில் நெடுநாள் இருந்தால் கரைசல் கெட்டுவிடும். அரிசோனா வெயிலில் கோடை முழுக்க நிறுத்திய மோட்டார்ஹோமின் தொட்டியில் என்ன இருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

ஆனால் வண்டியை நடுவழியில் நிறுத்துவது பெரும்பாலும் கரைசல் அல்ல, அதை அளக்கும் சென்சார். தொட்டியில் கரைசல் சரியில்லை என்று சென்சார் தவறாகச் சொன்னாலும் கணினி நம்பிவிடும். எச்சரித்துவிட்டு, கடைசியில் மணிக்கு 5 மைல் வேகத்துக்கு இறக்கிவிடும். விதி அப்படி எழுதப்பட்டிருந்தது. 2021, 2022இல் சிப் தட்டுப்பாடு வந்தபோது இந்தச் சென்சார் கிடைக்காமல் பல மோட்டார்ஹோம்கள் மாதக்கணக்கில் நின்றன. வேகம் குறையாதபடி மென்பொருளை மாற்றிக்கொள்ள அரசு அனுமதி தர வேண்டியிருந்தது. 2025இல் அந்தக் கெடுபிடியைப் பொதுவாகவே தளர்த்தும் வழிகாட்டுதலும் வந்தது. பதினைந்து டன் வண்டி, நன்றாக ஓடும் எஞ்சின், உள்ளங்கையில் அடங்கும் ஒரு சென்சாரால் நிற்கிறது என்றால் உரிமையாளருக்குக் கோபம் வரத்தான் செய்யும். அந்தக் கோபம் நியாயமானது. அதற்காக இந்தப் பாகங்களைக் கழற்றி எறிவதற்கு அமெரிக்கத் தூய காற்றுச் சட்டம் இடம் கொடுக்கவில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். அப்படிக் கழற்றிய வண்டியைப் பிறகு விற்பதும் கஷ்டம்.

சரி, அப்படியானால் 2007க்கு முந்தைய வண்டி எல்லாம் தங்கமா? கிடையாது. 1990களின் கடைசியில் வந்த 5.9 லிட்டர் கம்மின்ஸில், பிளாக்கின் பக்கவாட்டில் 53 என்ற எண் வார்க்கப்பட்டவை தண்ணீர்ப் பாதைச் சுவர் மெல்லியதாக இருந்து கீறியதற்குப் பேர்போனவை. அதே காலத்து எஞ்சினில் இருந்த விபி44 டீசல் பம்ப், அதற்கு டீசல் அனுப்பும் சின்ன பம்ப் பலவீனமானால் சேர்ந்தே போய்விடும். 2000களில் இன்டர்நேஷனல் லாரி ஒன்றைப் பார்த்தால் உள்ளே டிடி466 இருக்கலாம், அல்லது ஃபோர்டின் 6.0 லிட்டர் எஞ்சினின் உடன்பிறப்பான விடி365 இருக்கலாம். கேபினும் முகமும் ஒன்றுதான், ஆனால் முன்னதைத் தேடி வாங்குவார்கள், பின்னதைக் கண்டால் ஒதுங்குவார்கள். 2010இல் மற்றவர்கள் எல்லாம் யூரியா வழிக்குப் போனபோது, புகையைத் திருப்பி அனுப்பும் முறையை மட்டுமே வைத்துச் சமாளிக்கலாம் என்று இன்டர்நேஷனல் லாரிகளைச் செய்த நாவிஸ்டார் நிறுவனம் பிடிவாதம் பிடித்து, 2012இல் அந்த வழியைக் கைவிட்டது. ஆக, வருடத்தை மட்டும் வைத்து முடிவு கட்ட முடியாது. எந்த எஞ்சின், எந்த வருடம், என்ன வேலை என்று மூன்றையும் சேர்த்தே பார்க்க வேண்டும்.

சுருக்கமாக: புது டீசல்களில் இரும்பு முன்பைப்போலவே உழைக்கிறது, தொல்லை பெரும்பாலும் புகைக்குழாய் பக்கம். அந்தப் பக்கத்துக்கு வேண்டியது சூடும் ஓட்டமும்.

## நிற்பதும் ஒரு தேய்மானம்தான்

"முப்பதாயிரம் மைல்தான் ஓடியிருக்கிறது, புதுசு மாதிரி" என்று பதினைந்து வருட மோட்டார்ஹோமை விற்பார்கள். லாரிக்காரர் கண்ணில் இது கவலைக்குரிய வண்டி. நின்ற டீசலில் தண்ணீர் சேரும், தண்ணீர் இருக்கும் இடத்தில் நுண்ணுயிர் வளர்ந்து கருப்புப் பசையாகி ஃபில்டரை அடைக்கும். பிரேக் பாகங்கள் துருவில் இறுகும். ரப்பர் சீல் காயும். மழமழப்பாக மினுங்கும் டயர்கூட உள்ளே விரிசல் விட்டிருக்கலாம்.

டயரில் ஒரு நான்கு இலக்க எண் இருக்கும். 3518 என்றால் 2018ஆம் ஆண்டின் 35ஆவது வாரம் செய்தது. ஐந்து வருடத்துக்குப் பிறகு ஆண்டுதோறும் ஆளை வைத்துச் சோதிக்கவும், பத்து வருடமானால் எப்படி இருந்தாலும் மாற்றவும் சொல்கிறது மிஷலின். சரக்கு லாரியில் டயர் தேய்ந்து மாறும். மோட்டார்ஹோமில் தேயாமலே வயதாகும். முன்டயர் ஒன்று நெடுஞ்சாலையில் வெடித்தால் ஓட்டுபவர் கையில் ஸ்டியரிங் நிற்காது என்பதால், இதில் மட்டும் யாரும் சிக்கனம் பார்க்கக் கூடாது என்று உறுதியாகச் சொல்வேன்.

நிறுத்தி வைத்த வண்டியை வாரம் ஒருமுறை பத்து நிமிடம் ஸ்டார்ட் செய்து அணைப்பது நல்லது என்று பலர் நினைக்கிறார்கள். டீசலுக்கு இது கெடுதல். எஞ்சின் முழுச் சூட்டுக்கு வராது, எண்ணெயில் ஈரம் தங்கும், வடிகட்டியில் கரி சேரும், ஆக்சிலும் பிரேக்கும் அசையவே அசையாது. மாதம் ஒருமுறை வெளியே எடுத்து நெடுஞ்சாலையில் ஒரு மணி நேரம் ஓட்டிவிட்டு வந்தால் எல்லாப் பாகமும் சூடாகி, சுழன்று, காய்ந்து வரும்.

## மைலோடு மணியையும் பாருங்கள்

இதே காரணத்தால்தான் லாரி வாங்குபவர்கள் எஞ்சின் ஓடிய மணிக்கணக்கைக் கேட்கிறார்கள். எஞ்சினின் கணினியில் மொத்த மணி, நின்ற இடத்தில் ஓடிய மணி, குடித்த டீசல் எல்லாம் பதிவாகியிருக்கும். டீலர் கருவியை மாட்டி அறிக்கையாக எடுத்துத் தருவார்.

கணக்கு எளிது. மைலை மணியால் வகுங்கள். 1,50,000 மைல், 3,750 மணி என்றால் சராசரி 40. நெடுஞ்சாலையில் வாழ்ந்த லாரி. அதே 1,50,000 மைலுக்கு 10,000 மணி என்றால் சராசரி 15. நின்று நின்று ஓடியது, அல்லது கிரேன், பம்ப் எதையோ எஞ்சினால் இயக்கிக்கொண்டு நின்ற இடத்திலேயே உழைத்தது. ஓடோமீட்டர் இரண்டிலும் ஒரே எண்ணைக் காட்டும், ஆனால் இரண்டாவது எஞ்சின் முதலாவதைப்போல இரண்டரை மடங்குக்கு மேல் நேரம் சுழன்றிருக்கிறது. தன் டீசல் வண்டிகளில் நின்ற இடத்திலேயே எஞ்சின் ஓடும் (ஐடிலிங்) ஒரு மணி நேரத்தை 25 மைல் ஓட்டமாகக் கணக்கிட்டு எண்ணெய் மாற்றச் சொல்கிறது ஃபோர்ட்.

## வாங்கப் போகும்போது

கையில் டார்ச்சோடு வண்டிக்கு அடியில் படுத்து ஆரம்பியுங்கள். சட்டத்தின் விளிம்பில் துளையோ வெல்டோ இருக்கிறதா, பாடிக்காக சட்டத்தை நீட்டிய ஒட்டு எப்படி இருக்கிறது என்று பாருங்கள். ஒஹையோ, மிச்சிகன், நியூயார்க் மாதிரி குளிர்காலத்தில் சாலைக்கு உப்பு போடும் மாநிலத்து வண்டி என்றால், ஒரே பக்கத்தில் ஒன்றோடொன்று ஒட்டிவைத்த இரட்டைச் சட்டம் இருந்தால் அவற்றுக்கு நடுவே துரு ஊதிப் பிதுங்கியிருக்கிறதா என்று கவனமாகப் பாருங்கள். மேல்பூச்சு எவ்வளவு பளபளத்தாலும் அந்தத் துருவுக்கு வைத்தியம் கிடையாது.

கியர்பாக்ஸ் பெரும்பாலும் அலிசன் ஆட்டோமேட்டிக்தான். 2000 வரிசை நடுத்தர வேலைக்கு, 3000 வரிசை அதைவிடக் கனமான வேலைக்கு. கிளட்ச் தேயும் தொல்லை இல்லை, எண்ணெயையும் ஃபில்டரையும் காலத்தில் மாற்றினால் நெடுநாள் வரும். வாங்கும் எடைக்கும் கியர்பாக்ஸின் வரிசைக்கும் பொருத்தம் இருக்கிறதா என்று மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள்.

மோட்டார்ஹோம் என்றால், வீட்டுப் பக்கத்துக் கோளாறையும் சேசிஸ் பக்கத்துக் கோளாறையும் பிரித்துக் கேளுங்கள். தண்ணீர்க் கசிவு, நீளும் அறை சிக்குவது, ஜெனரேட்டர் எல்லாம் வீட்டைக் கட்டியவர் பாடு. வாரன்டியும் தனித்தனி, பழுது பார்க்கும் இடமும் தனித்தனி. லாரி டீலர் கூரை ஒழுகலைத் தொட மாட்டார், மோட்டார்ஹோம் கடைக்காரர் இன்ஜெக்டரைத் தொட மாட்டார். "இந்த வண்டி ஓயாமல் தொல்லை கொடுத்தது" என்று யாராவது சொன்னால், எந்தப் பாதி கொடுத்தது என்று கேட்ட பிறகு நம்புங்கள்.

என்னைக் கேட்டால், வேலைக்கு லாரி வாங்குபவர் தன் ஓட்டம் எப்படி என்பதை முதலில் முடிவு செய்ய வேண்டும். நெடுஞ்சாலை ஓட்டத்துக்குப் புது டீசல் தாராளமாக வாங்கலாம். ஊருக்குள் மட்டும் சின்னச் சின்ன ஓட்டம் என்றால் பெட்ரோல் எஞ்சின் போட்ட நடுத்தர லாரியையும் பார்க்கலாம். ஃபோர்ட் எஃப்-650இல் அது கிடைக்கிறது, வடிகட்டித் தொல்லை கிடையாது. மோட்டார்ஹோமுக்கோ, குறைந்த மைல் ஓடிக் கிடந்த வண்டியைவிட, ஒவ்வொரு வருடமும் நிதானமாக ஓடி, எண்ணெய், கூலன்ட், டயர் மாற்றிய ரசீதுகளோடு வரும் வண்டிக்கு இரண்டு காசு கூடக் கொடுப்பேன். எதை வாங்கினாலும் எஞ்சின் கணினியின் அறிக்கையைப் பணம் கட்டியாவது எடுக்கச் சொல்லுங்கள். அதற்கு விற்பவர் சம்மதிக்கவில்லை என்றால், விலையை எவ்வளவு குறைத்தாலும் நான் அடுத்த வண்டியைப் பார்க்கப் போய்விடுவேன்.